மழை மாதங்களில் வாழ்த்து அட்டை: மையும் புடைப்பும் சரியாக வர

வடக்கிலும் கிழக்கிலும் கையால் வாழ்த்து அட்டை செய்து விற்பவர்களுக்கு வருடத்தின் நல்ல வியாபாரம் கார்த்திகைக்குப் பிறகுதான். நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. தை மாதக் கல்யாணங்களுக்கான அழைப்பிதழ்களையும் மார்கழியிலேயே முடித்துக் கொடுக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழையும் இதே மாதங்களில்தான் பெய்கிறது. காற்றிலே ஈரம், சுவரிலே ஈரம், அலுமாரிக்குள் வைத்த கடதாசியிலும் ஈரம்.

நான் யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து அட்டை செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் ஏழெட்டுப் பெண்கள் வந்து பழகுகிறார்கள். அவர்களில் ஒருவர், கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர், கடந்த மார்கழியில் 120 அழைப்பிதழ்களுக்கு ஓடர் எடுத்தார். இளநீலப் பின்னணியில் பொன்னிற எழுத்து. வாங்க வந்தவர்கள் பாதிக்கு மேல் வேண்டாம் என்று விட்டுப் போனார்கள். எழுத்தைச் சுற்றிப் பொற்துகள் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தது. சில எழுத்துகளில் குமிழ் விழுந்திருந்தது. அட்டைகள் மேசையில் படியாமல் வளைந்து நின்றன. மூன்று குறைகளும் ஒரே இடத்திலிருந்து வந்தவை: கடதாசிக்குள் இருந்த ஈரம்.

அவர் பார்த்துப் பழகிய காணொளிகளில் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், குளிர்காலத்தில் சூடாக்கிய உலர்ந்த அறைகளில் எடுக்கப்பட்டவை. அங்கே பொடி கண்ட இடத்தில் ஒட்டுவதற்குக் காரணம் நிலைமின். இங்கே காரணம் ஈரம். மையும் புடைப்பும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால், எந்தக் குறிப்பையும் நம்முடைய காலநிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். விலைகூடிய பொருட்கள் பலவற்றை வாங்காமலும் விடலாம். அந்த நோக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடதாசி

கடதாசி என்பது தாவர நார்களின் படுக்கை. நார் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் திரும்ப விடும். உறிஞ்சும்போது நார் நீளத்தில் அதிகம் மாறுவதில்லை, அகலத்தில்தான் வீங்குகிறது. இயந்திரத்தில் செய்த கடதாசியில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அதனால் ஈரம் பட்ட அட்டை ஒரு பக்கமாகச் சுருள்கிறது.

இந்த நார்த் திசையை அறிவது கடினமல்ல. அட்டையை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, அந்த மடிப்புக்கோடு போகும் திசைதான் நார்த் திசை. அட்டையின் மடிப்பு அதே திசையில் வரும்படி வெட்டினால் மடிப்பு வெடிக்காது. குறுக்கே மடித்தால் விளிம்பில் நார் பிரிந்து, பூசிய நிறத்துக்கு நடுவே வெள்ளைக் கோடாகத் தெரியும்.

போட்டோகொப்பிக் கடதாசி சதுர மீற்றருக்கு 70 அல்லது 80 கிராம் நிறையுள்ளது. மை பட்டதும் நெளியும், அழுத்தினால் கிழியும். அட்டைக்குக் குறைந்தது 200 கிராம் வேண்டும். தண்ணீர் தெளித்து நிறம் பரப்புவதென்றால் 300 கிராம் நீர்வர்ணக் கடதாசி நல்லது. புத்தகசாலைகளில் கிடைக்கும் பிரிஸ்டல் போர்ட்டின் வழவழப்பான முகம் முத்திரை குத்துவதற்கும் புடைப்புக்கும் ஏற்றது. ஆனால் தண்ணீர் அதிகமானால் அதன் மேல் தோல் உரியும். ஆகவே முழு அட்டையையும் நீர்வர்ணக் கடதாசியில் செய்ய வேண்டியதில்லை. நிறம் பூசும் துண்டை மட்டும் அதில் செய்து, பிரிஸ்டல் போர்ட்டில் ஒட்டினால் செலவு பாதியாகும்.

இங்கே கடதாசியைச் சிக்கனமாகப் பாவிப்பது வெறும் நல்ல பழக்கம் மட்டுமல்ல. 2022 மார்ச்சில் அச்சுக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பின்போடப்பட்டன. வாழைச்சேனையில் வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்த ஆலை இருந்த நாட்டில், இன்று நாம் பாவிக்கும் அட்டையில் பெரும்பகுதி இறக்குமதி. ஒவ்வொரு வெட்டுத்துண்டையும் பரீட்சார்த்தத் துண்டாக எடுத்து வையுங்கள்.

யானை இலத்தியிலும் வாழை நாரிலும் செய்யும் கைக்கடதாசியும் நம் நாட்டில் கிடைக்கிறது. அதன் முகம் கரடுமுரடாக இருப்பதால் நுண்ணிய எழுத்து வராது, மை கசிந்து பரவும். பெரிய இலை வடிவங்களை அழுத்திப் புடைக்க வைப்பதற்கு அது மிக நல்லது. மை கசிவதைக் குறைக்க, மெல்லிய அரிசிக்கஞ்சியை வடித்து ஒரு தடவை பூசி நன்றாகக் காயவிடலாம். பழைய காலத்துக் கைக்கடதாசிகளுக்கும் மாப்பசை பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத்தான் எழுதினார்கள். கஞ்சி தடிப்பாக இருந்தால் பூஞ்சணமும் பூச்சியும் வரும். மழை மாதத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் ஆவணியிலேயே செய்து வைப்பது உத்தமம்.

மை: ஊறுவதும் மேலே நிற்பதும்

கடையில் மைகளுக்குப் பல பெயர்கள் உண்டு. அட்டை செய்பவர் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: இந்த மை கடதாசிக்குள் ஊறுமா, மேலே நிற்குமா?

சாயமை ஊறும். சாயம் தண்ணீரில் கரைந்திருப்பதால் நாருக்குள் போய் அதை நிறமாக்குகிறது. விரைவில் காயும், ஒளி ஊடுருவும். வெள்ளைக் கடதாசியில் பளிச்சென்றும், கறுப்புக் கடதாசியில் ஒன்றுமே இல்லாதது போலவும் இருக்கும். வெயிலில் மங்குவதும் இதுதான். கந்தோர் முத்திரைப் பெட்டியிலுள்ள ஊதா மை இந்த இனம். ஜன்னலோரம் கிடந்த பழைய கடிதங்களில் முத்திரை மங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நிறமி மை மேலே நிற்கும். இதில் நிறம் கரைந்திருப்பதில்லை, மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. கடதாசியின் முகத்தில் படிந்து, கருமையான அட்டையிலும் தெரியும். வெளிச்சத்தைச் சாயமையைவிட அதிகம் தாங்கும். மெதுவாகக் காயும். அந்த மெதுவான காய்தலே சூட்டுப் புடைப்புக்கு வேண்டிய குணம், ஏனெனில் பொடி ஒட்டும்வரை மை ஈரமாக இருக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் போஸ்டர் கலரும் நிறமிதான்.

மூன்றாவது, அற்ககோல் மை. இது கடதாசிக்குரியதல்ல. பளபளப்பான பூச்சுள்ள தாள், பிளாஸ்ரிக், கண்ணாடி போன்ற, எதையும் உறிஞ்சாத பரப்பில் ஓடித் திரிந்து, கல்லின் வரிகள் போன்ற உருவங்களைத் தரும். ஆவி தலையைச் சுற்றச் செய்யும், தீயும் பற்றும். கதவைத் திறந்து வைத்து, அடுப்புக்கும் விளக்குக்கும் தூரத்தில்தான் பாவிக்க வேண்டும்.

சூட்டுப் புடைப்புக்கென்று நிறமற்ற ஒட்டும் மை விற்கப்படுகிறது. அது கிடைக்காதபோது, போஸ்டர் கலரில் மருந்துக்கடைக் கிளிசரின் சில துளிகள் கலந்து றப்பர் முத்திரையில் தடவலாம். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் மை காயாமல் நிற்கும். வெயில் காலத்தில் ஒரு தேக்கரண்டி நிறத்துக்கு நான்கு துளி என்றால் மழைக் காலத்தில் இரண்டு போதும். கூடினால் நாட்கணக்கில் பிசுபிசுக்கும்.

நிறம் பரப்பும் நான்கு வழிகள்

ஒற்றுதல்: பாத்திரம் கழுவும் புது ஸ்பொஞ்சை விரல் அளவுக்கு வெட்டி, சாயமையில் தொட்டு, முதலில் வேறு கடதாசியில் ஒற்றி மிகுதியை நீக்குங்கள். பிறகு அட்டையின் வெளியிலிருந்து உள்நோக்கி வட்டமாகத் தேயுங்கள். அட்டையின் நடுவில் முதல் தொடுகையை வைத்தால் அந்த அடையாளம் போகவே போகாது. வெளிர் நிறத்தில் தொடங்கிக் கடும் நிறத்தில் முடிப்பது வழமை.

நீர் ஒத்தி: பிளாஸ்ரிக் ஃபைல் கவர் ஒன்றின் மேல் இரண்டு நிற மையைத் தடவி, தண்ணீர் தெளித்து, அதன் மேல் கடதாசியைக் கவிழ்த்து எடுங்கள். கடல் போலவும் மேகம் போலவும் படியும். ஒரு பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும் ஈரமாகச் சந்தித்தால் சேற்று நிறம்தான் மிஞ்சும். மழை நாளில் பூச்சுகளுக்கிடையே மின்விசிறிக் காற்றில் விட்டு வையுங்கள்.

உப்பு: ஈரநிறத்தின் மேல் கல்லுப்பைத் தூவினால், ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள நீரையும் நிறத்தையும் இழுத்து ஒரு பூப்போன்ற வெளிர்வட்டத்தை விட்டுச்செல்லும். கடதாசியின் பளபளப்பு மறையத் தொடங்கும் தருணம் சரியான நேரம். குளமாக நிற்கும்போது தூவினால் உப்புக் கரைந்துவிடும், காய்ந்தபின் தூவினால் ஒன்றும் நடக்காது. ஆனையிறவு உப்புப் போன்ற சுத்திகரிக்காத உப்பு மழைக்காலத்தில் தானே நீர்விடும். அப்படி நனைந்த உப்பு நிறத்தை இழுக்காது. ஓட்டுச்சட்டியில் வறுத்து ஆறவிட்டுப் பாவியுங்கள். காய்ந்தபின் ஒரு கல்லும் விடாமல் துடைத்தெடுங்கள். விடுபட்ட உப்பு உறைக்குள் ஈரத்தைச் சேர்க்கும்.

வீட்டுச் சாயங்கள்: தேயிலைச் சாயம் பழைய கடிதத்தின் நிறத்தைத் தரும், ஓரளவு நிலைக்கும். மஞ்சள் வேறு கதை. பூசிய அன்று கண்ணைப் பறிக்கும், வெளிச்சத்தில் வெகு விரைவில் வெளிறும். சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் பார்க்கும் அதே மாற்றம்தான். செவ்வரத்தம்பூச் சாறு தேசிப்புளி பட்ட இடத்தில் சிவந்தும் அப்பச்சோடா பட்ட இடத்தில் நீலம், பச்சையாகவும் மாறும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் அட்டையில் மஞ்சளையும் பூச்சாற்றையும் பாவிக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

எந்த நிறம் நிலைக்கும் என்று சோதிக்க, ஒரு துண்டில் நிறத்தைப் பூசி, பாதியைக் கறுப்புக் கடதாசியால் மூடி, வெயில்படும் ஜன்னலில் இரண்டு கிழமை ஒட்டி வையுங்கள். மூடியை எடுத்தால் பதில் தெரியும். புதிதாக வாங்கும் ஒவ்வொரு மைக்கும் இதைச் செய்து திகதியோடு ஒரு கொப்பியில் ஒட்டி வைப்பது நல்லது.

அழுத்திப் புடைப்பித்தல்

இதற்கு மையும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தடித்த பிளாஸ்ரிக் அல்லது மட்டையில் வெட்டிய ஸ்டென்சிலை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் அட்டையைப் பின்பக்கம் நம்மை நோக்கும்படி வையுங்கள். வெளிச்சத்தில் வடிவம் நிழலாகத் தெரியும். உருண்டை முனையுள்ள கருவியால் வடிவத்தின் விளிம்பை அழுத்திச் சுற்றி வாருங்கள். மை முடிந்த போல்பொயின்ற் பேனா தாராளமாகப் போதும். திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் புடைத்திருக்கும். எழுத்தானால் ஸ்டென்சிலைக் கண்ணாடியில் ஒட்டும்போதே இடவலம் மாற்றி ஒட்ட வேண்டும்.

இங்கே நடப்பது நார் நீள்வது. மெதுவாக, இரண்டு மூன்று சுற்றில் நீட்டினால் நார் இடம் கொடுக்கும். ஒரே அழுத்தில் நீட்டினால் கிழியும். பின்பக்கத்தில் மெழுகுதிரியை லேசாகத் தேய்த்துவிட்டால் முனை வழுக்கிக்கொண்டு போகும். ஆழமான புடைப்பு வேண்டுமானால் பின்பக்கத்தை ஈரத்துணியால் ஒரு தடவை ஒற்றிக்கொள்ளலாம், ஏனெனில் ஈரநார் இலகுவில் நீளும். வருடம் முழுவதும் நம்மோடு மல்லுக்கட்டும் ஈரம் உதவிக்கு வருகின்ற ஒரே இடம் இது. அழுத்தி முடிந்ததும் காயவிட வேண்டும். காயாமல் அடுக்கினால் புடைப்பு இறங்கிவிடும்.

கையால் சுற்றும் இயந்திரமும் வடிவம் பதித்த பிளாஸ்ரிக் மடிப்புறையும் இருந்தால் ஒரு நிமிடத்தில் முழு அட்டையும் புடைக்கும். நூற்றுக்கணக்கில் ஓடர் வருபவருக்கு அது பிரயோசனம். மாதத்துக்கு இருபது அட்டை செய்பவருக்குப் பேனாவும் ஜன்னலும் போதும்.

சூட்டுப் புடைப்பு

கல்யாண அழைப்பிதழில் விரலுக்குத் தட்டுப்படும் பளபளப்பான எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அச்சகங்களில் ஈரமையின் மேல் பிசின்பொடி தூவிச் சூடான பாதையினூடாக அனுப்பி அதைச் செய்வார்கள். வீட்டிலும் அதே தத்துவம்தான். எம்போசிங் பவுடர் என்பது சூட்டில் உருகும் பிளாஸ்ரிக்கின் மாவு. ஈரமையில் ஒட்டி, உருகி, ஆறும்போது மேடாக உறைகிறது.

மழைக்காலத்தில் நான் பழக்கும் ஒழுங்கு இது.

1. அட்டையை முதலில் ஹீட் கன்னால் ஐந்து, பத்து வினாடி சூடாக்கி, ஆறவிடுங்கள். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். இந்தப் படியை விட்டால் பொடி உருகும்போது ஈரம் ஆவியாகி வெளியே வர முயன்று குமிழ் போடும்.

2. சிறு துணிப்பொட்டலத்தில் சோளமாவைக் கட்டி, அட்டையின் மேல் லேசாகத் தட்டித் துடையுங்கள். விரலின் எண்ணெய்ப்பசையையும் மிச்ச ஈரத்தையும் அது எடுத்துவிடும். முகப்பவுடரும் வேலை செய்யும். ஆனால் அந்தத் தூசு நாளாந்தம் சுவாசத்தில் போவது நல்லதல்ல.

3. மெதுவாகக் காயும் மையால் முத்திரை குத்தி, உடனே பொடியைத் தாராளமாகக் கொட்டுங்கள். கீழே ஒரு மடித்த கடதாசி இருந்தால் மிகுதியைத் திரும்பப் போத்தலில் ஊற்றலாம். அட்டையின் பின்புறத்தை விரலால் சுண்டிவிட்டு, தவறி ஒட்டிய துகள்களை உலர்ந்த சிறு தூரிகையால் எடுத்துவிடுங்கள். உருகிய பிறகு எடுக்க முடியாது.

4. ஹீட் கன்னை இருபது வினாடி வேறு பக்கம் திருப்பி முன்கூட்டியே சூடாக்குங்கள். பின்னர் அட்டையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, ஒரு மூலையில் தொடங்கி நகர்த்துங்கள். மாவுபோல் மங்கலாக இருந்தது கண்ணெதிரே பளபளக்கும். பளபளத்த இடத்தை விட்டு உடனே நகருங்கள். கூடிய சூட்டில் பிளாஸ்ரிக் கடதாசிக்குள் ஊறி, எண்ணெய்க் கறைபோல் தட்டையாகிவிடும்.

5. முழுதாக ஆறியபின் ஒரு தடித்த புத்தகத்தின் கீழ் வையுங்கள். ஆறுமுன் வைத்தால் புத்தகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தலைமயிர் உலர்த்தும் கருவி இதற்கு உதவாது. காற்று பொடியைப் பறக்கடிக்கும், சூடும் போதாது. ஹீட் கன் இல்லாதவர்கள் மின்சார ஹொட்பிளேற்றின் மேல் எட்டத்தில் இடுக்கியால் அட்டையைப் பிடித்துக் கீழிருந்து சூடாக்கலாம். பொடி உருகுகின்ற சூட்டுக்கும் கடதாசி கருகுகின்ற சூட்டுக்கும் இடைவெளி பெரிதல்ல. பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். எரிவாயு அடுப்புத் தீயில் யாரும் முயற்சிக்க வேண்டாம்.

எது முதலில்?

புடைப்பு முதலா, நிறம் முதலா என்று பழக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நிறம் எங்கே போகவேண்டும், எங்கே போகக்கூடாது என்பதைத்தான் அந்த ஒழுங்கு தீர்மானிக்கிறது.

நிறமற்ற பொடியால் வெள்ளைக் கடதாசியில் முதலில் சூட்டுப் புடைப்புச் செய்து, அதன் மேல் சாயமையை ஸ்பொஞ்சால் தேய்த்தால், பிளாஸ்ரிக் மேடு நிறத்தை ஏற்காது. துணியால் துடைத்ததும் நிறத்தின் நடுவே வெள்ளை எழுத்து எழுந்து நிற்கும். பத்திக் சாரத்தில் மெழுகு செய்யும் வேலையும் இதுவே. பிறகு அட்டையை இரண்டு வெற்றுக் கடதாசிகளுக்கு இடையே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், பிளாஸ்ரிக் உருகிக் கடதாசிகளில் ஏறிவிடும். மேடு மறைந்து வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சும்.

மாறாக, முதலில் நிறம் பரப்பி, காயவைத்து, பிறகு அழுத்திப் புடைப்பித்து, மேடுகளின் உச்சியில் மட்டும் கிட்டத்தட்டக் காய்ந்த ஸ்பொஞ்சால் கடும் நிறத்தைத் தொட்டால், கோவில் மரச்சிற்பம் போல் ஆழம் தெரியும்.

மூன்றாவது வழி பள்ளத்தில் நிறம். இது நம்முடைய முன்னோர் நன்கறிந்தது. ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக்கரியை இலைச்சாற்றோடு தடவித் துடைத்தால் கரி கீறலுக்குள் மட்டும் தங்கி எழுத்துத் துலங்கும். அதேபோல் பிரிஸ்டல் போர்ட்டின் முன்பக்கத்தில் காய்ந்த பேனாவால் கோலத்தை அழுத்தி வரைந்து, நிறப்பென்சிலின் பக்கவாட்டால் மேலாகத் தேய்த்துப் பாருங்கள். பள்ளம் வெள்ளையாக மிஞ்சும். தேய்ப்பதற்குப் பதிலாகத் தண்ணீரான மையைத் தடவித் துடைத்தால் பள்ளம் கருமையாகும். ஒரே கோடு, இரண்டு விதப் பலன்.

எதையும் பூசாமல் விடுவதும் ஒரு நிறந்தான். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் 1845இல் வெளியான தபால் முத்திரையில், கறுப்பும் சிவப்பும் நீலமும் அச்சான பரப்பின் நடுவே, கடிதத்தை அலகில் ஏந்திய வெள்ளைப் புறா மை எதுவும் இல்லாமல் புடைப்பினால் மட்டும் நிற்கிறது. அட்டை முழுவதையும் நிரப்பத் தோன்றும்போதெல்லாம் அந்தப் புறாவை நினைத்துக்கொள்ளலாம்.

விரலால் வாசிப்பவர்களுக்கு

விழிப்புலனற்ற உறவினருக்கோ நண்பருக்கோ அட்டை கொடுக்க விரும்பி, புள்ளிப்புள்ளியாக அலங்காரம் செய்து கேட்பவர்கள் உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த லூயி பிரெய்ல் 1829இல் வெளியிட்ட எழுத்துமுறை, இரண்டு வரிசையில் மும்மூன்றாக ஆறு புள்ளிகளைக் கொண்டது. தமிழுக்கும் அதில் எழுத்துகள் உண்டு. ஆறு புள்ளியும் ஒரே விரல்நுனிக்குள் அடங்கவேண்டும். அழகுக்காகப் பெரிதாக்கினால் அவர்களால் வாசிக்க முடியாது. பின்பக்கத்திலிருந்து குத்துவதால் வலமிருந்து இடமாக, எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிக் குத்த வேண்டும். அந்த எழுத்துத் தெரிந்த ஒருவரைக் கொண்டு பெயரையும் வாழ்த்தையும் குத்துவித்து, சுற்றிலும் ஒரு கொடியோ பூவோ புடைப்பித்தால் போதும். எழுத்தும் அலங்காரமும் ஒன்றையொன்று தொடக்கூடாது. விரல் குழம்பிவிடும்.

வைப்பும் தபாலும்

கடதாசியையும் முடிந்த அட்டைகளையும் இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அவை இல்லையென்றால் வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் கட்டி வைக்கலாம். கிழமைக்கு ஒருமுறை திரும்ப வறுக்க வேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ நிலத்திலோ வைக்காதீர்கள். காலை மழைக்கும் மாலை மழைக்கும் இடையே வரும் வெயிலில்தான் பொடி வேலையை வைத்துக்கொள்ள வேண்டும். மழை கொட்டும்போது வெட்டுதல், மடித்தல், அழுத்திப் புடைப்பித்தல் போன்றவற்றைச் செய்யலாம்.

கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பும் அட்டைகள் வழியில் பல அடுக்குகளின் கீழ் கிடக்கும். அழுத்திய புடைப்பு தட்டையாகாமலிருக்க, அட்டையின் அளவுக்கு இரண்டு தடித்த மட்டைகளை வெட்டி, புடைப்புள்ள பகுதியில் ஜன்னல்போல் துளையிட்டு இருபுறமும் வையுங்கள். சூட்டுப் புடைப்பு தட்டையாகாது. ஆனால் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் இளகி உறையில் ஒட்டக்கூடும். மேலே ஒரு ரிசுக் கடதாசி வைத்து அனுப்புங்கள். தடித்த கடிதத்துக்குத் தபால் கட்டணம் வேறு. விலை சொல்லும் முன்பே நிறுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

விலை

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில், 1840களின் இறுதியில் எஸ்தர் ஹவ்லண்ட் என்ற இளம் பெண் வீட்டிலிருந்து காதலர் தின அட்டைகள் செய்யத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து வந்த புடைப்பு வேலைப்பாட்டுச் சரிகைக் கடதாசியின் கீழே நிறக்கடதாசித் துண்டை வைத்து, துளைகளினூடாக நிறம் தெரியும்படி ஒட்டினார். சகோதரர் மாதிரிகளைக் கொண்டு ஊர் ஊராகப் போனார். 200 டொலருக்கு ஓடர் வந்தால் போதும் என்று நினைத்திருக்க, 5000 டொலருக்கு மேல் வந்ததாகச் சொல்கிறார்கள். அவர் சிநேகிதிகளை மேசையைச் சுற்றி இருத்தி, ஒருவர் வெட்ட, ஒருவர் ஒட்ட, ஒருவர் அலங்கரிக்க என்று வேலையைப் பிரித்தார். பல வருடங்கள் நடத்திய அந்தத் தொழிலை 1881இல் விற்றார்.

அவரிடமிருந்து நாம் எடுக்கக்கூடியது அந்தப் பிரித்தல். பத்து அட்டையைத் தனித்தனியே தொடக்கம் முதல் முடிவுவரை செய்வதைவிட, பத்துக்கும் ஒன்றாக வெட்டி, ஒன்றாக நிறம் பூசி, ஒன்றாகப் பொடி போட்டால் நேரம் மிச்சம். காயும் நேரமும் வீணாகாது.

விலை சொல்லும்போது கடதாசி, மை, பொடி, உறை மட்டும் கணக்குப் பார்ப்பவர்களே அதிகம். உதாரணமாக ஒரு அட்டைக்குப் பொருட்செலவு 80 ரூபா, வேலை நேரம் அரை மணித்தியாலம் என்று வைப்போம். 120 ரூபாவுக்கு விற்றால் ஒரு மணித்தியால உழைப்புக்குக் கிடைப்பது 80 ரூபா. அதிலேயே மின்சாரமும் பழுதாகும் அட்டைகளும் அடங்க வேண்டும். மழை மாதங்களில் பத்துக்கு ஒன்றாவது பழுதாகும் என்று நான் கணக்கில் சேர்க்கிறேன். முன்பணம் பாதியாவது வாங்காமல் பெரிய ஓடர் எடுப்பதில்லை. மாதிரி அட்டை ஒன்றைச் செய்து, வாங்குபவர் பார்த்துச் சம்மதித்து, அதன் பின்பக்கத்தில் கையெழுத்திட்ட பிறகே மிகுதியைத் தொடங்குகிறோம். அந்த 120 அழைப்பிதழ்களுக்குப் பிறகு எங்கள் வகுப்பில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு இது.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியவை: 200 கிராம் அட்டை, கறுப்புச் சாயமை ஒன்று, மெதுவாகக் காயும் மை ஒன்று, நிறமற்ற பொடி ஒரு சிறு போத்தல். பொன்னிறப் பொடி பிறகு வாங்கலாம். நிறமற்ற பொடி எந்த மையின் நிறத்தையும் காட்டும். ஸ்பொஞ்ச், சோளமா, மெழுகுதிரி, காய்ந்த பேனா, கல்லுப்பு எல்லாம் வீட்டிலேயே இருக்கும். ஹீட் கன்னை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பாவிக்கலாம். எங்களிடம் இருப்பதும் ஒன்றுதான். மழை விட்ட மத்தியானங்களில் அது வீடு வீடாகப் போய்வருகிறது.